ஆறு மூடிய பிறகு வாய்க்காலில் ஓடும் தண்ணீர்

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது, ஜனவரி 28இல் மூடுவது: இதுதான் காவிரி டெல்டாவின் பழைய கணக்கு. மழை பொய்த்த ஆண்டில் திறப்பு தள்ளிப்போகும். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. தேதி தவறாத ஆண்டிலும் நாலரை மாதம் பாசனத்துக்கு ஆற்றில் தண்ணீர் கிடையாது. குடிநீர்த் திட்டங்களுக்காகக் கொஞ்சம் விடுவார்கள். அது கிளை வாய்க்கால் வரை வராது. ஆனால் மார்ச், ஏப்ரலில் டெல்டாவின் நகரங்களை ஒட்டிய வாய்க்கால்களை எட்டிப் பார்த்தால் பல இடங்களில் ஏதோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். கறுப்பாக, மெதுவாக, நுரையோடு. அந்தந்த ஊரின் சாக்கடை அது.

திருச்சிக்கு உய்யக்கொண்டான், தஞ்சாவூருக்குப் புது ஆறும் வடவாறும், கும்பகோணத்துக்கு ஒரு பக்கம் காவிரி மறுபக்கம் அரசலாறு, மன்னார்குடிக்குப் பாமணி, திருவாரூருக்கு ஓடம்போக்கி. பாசன ஆறு தொடாத பெரிய ஊரை டெல்டாவில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊர் பெருகப் பெருக, குளியலறைத் தண்ணீரும் கழிப்பறைத் தண்ணீரும் பள்ளம் பார்த்து ஓடின. பள்ளத்தில் இருந்தது வாய்க்கால். பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் வந்த ஊர்களிலும் இணைப்பு இல்லாத தெருக்கள் மிச்சம் இருக்கின்றன. நாடு முழுக்கவே நிலைமை அப்படித்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 கணக்குப்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் சுமார் 7,237 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது சுமார் 2,024 கோடி லிட்டர், அதாவது 28 சதவீதம்.

ஆறு நிரம்பி ஓடும் ஆகஸ்டிலும் இந்தச் சாக்கடை கலக்கிறதுதான். அப்போது அது பெரிய தண்ணீரில் கரைந்து போகிறது. பிப்ரவரிக்குப் பிறகு கரைப்பதற்கு ஆறு இல்லை. டெல்டாவில் காய்கறியையும் கழிவுநீரையும் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரைத்தான் என்று நினைக்கிறேன்.

சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் மண்ணின் ஈரத்திலேயே வந்துவிடும். கோடையிலும் தண்ணீர் கேட்பது காய்கறிதான். அதிலும் கீரைக்கு ஏறத்தாழ தினமும் நனைப்பு வேண்டும். விதைத்த மூன்று நாலு வாரத்தில் பிடுங்கி விற்றுவிடலாம் என்பதால் சின்ன நிலக்காரருக்கு வாராவாரம் காசு காட்டுகிற பயிரும் அதுதான். வாடிவிடும் என்பதால் சந்தைக்குப் பக்கத்திலேயே, அதாவது ஊருக்கு ஓரத்திலேயே பயிராகும். சாக்கடை எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ, அங்கேயே கீரைப் பாத்தியும் இருக்கிறது. பில்டர் பாயிண்ட் என்கிற ஆழமில்லாத குழாய்க் கிணறு வைத்திருப்பவர் நிலத்தடி நீரை எடுக்கிறார். அது இல்லாதவரும், போர் போட்டால் உப்புத் தண்ணீர் வருகிற கடலோரப் பகுதிக்காரரும் வாய்க்காலில் மோட்டார் குழாயை இறக்குகிறார்கள். அந்தத் தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்திருப்பதால் உரச் செலவு குறைகிறது. கீரை கரும்பச்சையாகத் தழைக்கிறது. இதை விவசாயியின் பேராசை என்று எழுதுகிறவர்கள், ஏப்ரல் மாதத்தில் அவர் வேறு எந்தத் தண்ணீரைப் பாய்ச்சியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது.

உலகம் முழுக்க இது நடக்கிறது. நகரங்களுக்குக் கீழே 40 கிலோமீட்டருக்குள் உள்ள பாசன நிலத்தில் 65 சதவீதம், அதாவது சுமார் 3.6 கோடி ஹெக்டேர், நகரக் கழிவுநீர் கலந்த ஆறுகளை நம்பியிருப்பதாக 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பகுதி ஐந்து நாடுகளில். இந்தியாவும் அதில் ஒன்று.

இந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் முதலில் சொல்வது ‘கெமிக்கல்’. சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலை என்று பேச்சு மேற்கே போய்விடும். அந்தக் கவலையிலும் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் கோடை வாய்க்காலில் உடனடியாக ஆளைப் படுக்க வைக்கக்கூடியது மனித மலத்திலிருந்து வரும் கிருமிதான். சுத்திகரிக்காத சாக்கடையில் 100 மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் முதல் பத்து கோடி வரை மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா இருக்கும். பச்சையாகச் சாப்பிடும் பயிருக்குப் பாய்ச்சும் தண்ணீரில் இது 1,000ஐத் தாண்டக் கூடாது என்று 1989இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. கோலிஃபார்ம் ஓர் அடையாளக் கிருமி மட்டுமே. அது இருக்கும் இடத்தில் டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு, காலரா, மஞ்சள் காமாலை ஆகியவற்றைக் கொண்டுவரும் கிருமிகளும் வரலாம் என்பதே அதன் அர்த்தம்.

இந்தக் கிருமிகள் வேர் வழியாகச் செடிக்குள் ஏறுவது குறைவு. பெரும்பாலும் இலையின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வெயிலும் ஈரம் உலர்வதும் அவற்றைக் கொல்லும். கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சியதற்குப் பின் நாள் போகப் போக எண்ணிக்கை மளமளவென்று சரியும், ஒரே நாளில் பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையலாம். டெல்டாவின் சித்திரை வெயில் இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம். கெடுப்பது கீரையின் வியாபார முறை. வாடாமல் இருக்க அறுவடைக்கு முந்தின மாலை வரை நனைப்பார்கள். பிடுங்கியதும் வேரில் உள்ள மண் போக அதே வாய்க்காலில் முக்கி அலசுவார்கள். வெயில் ஒரு வாரமாகச் செய்த வேலை அந்த ஒரு முக்கில் போய்விடும். சந்தையில் ஈரச் சாக்கு, அப்புறம் கட்டின் மேல் அடிக்கடி தெளிக்கும் தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இப்படிப் பாய்ச்சிய காய்கறியால் ஒரு நகரமே நோயாளியாக இருக்க முடியுமா என்று சந்தேகம் வரலாம். சிலி நாட்டின் தலைநகர் சாண்டியாகோவில் அப்படித்தான் நடந்தது. 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் அந்த நகரத்தில் வீட்டுக்கு வீடு குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் இருந்தது, கழிப்பறை இருந்தது, பாதாளச் சாக்கடை இருந்தது. இருந்தும் டைபாய்டு ஓயவில்லை. குடிநீரைத் திரும்பத் திரும்பச் சந்தேகித்துப் பார்த்தார்கள். அது சுத்தமாகவே இருந்தது. ஆனால் நகரத்தின் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் விழுந்தது. கோடையில் மழை இல்லாத அந்த ஊரில், ஆற்று நீரை நகர ஓரத்து விவசாயிகள் லெட்டூஸ், செலரி போன்ற பயிர்களுக்குப் பாய்ச்சினார்கள். அந்த ஊர்க்காரர்கள் அவற்றைப் பச்சையாகவே சாப்பிடுவார்கள். டைபாய்டு கூடுகிற மாதங்களும் அந்தக் கோடை மாதங்கள்தான். பாசனத் தண்ணீரிலிருந்தே டைபாய்டு கிருமியைப் பிரித்தெடுத்தும் காட்டினார்கள். அப்போதும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1991இல் பக்கத்து நாடான பெருவிலிருந்து காலரா வந்தது. சிலியில் அதன் பாதிப்பு சில பத்துப் பேர்தான். ஆனால் பயத்தில் அரசு விழித்துக்கொண்டு, பச்சையாகச் சாப்பிடும் பயிர்களுக்குச் சாக்கடை நீர் பாய்ச்சுவதைத் தடுத்தது. அதோடு டைபாய்டு சரசரவென்று இறங்கியது. பல ஆண்டு ஆய்வு சாதிக்காததை ஒரு காலரா பீதி சாதித்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1970இல், ஜெருசலேமில் வந்த காலராவும் சாக்கடை நீர் பாய்ச்சிய சாலட் காய்களைத்தான் சுட்டிக்காட்டியது.

சரி, சாண்டியாகோவின் கதை தஞ்சாவூருக்குப் பொருந்துமா? பாதி பொருந்தும். மழையில்லாக் கோடை, சாக்கடை மட்டும் ஓடும் நீர்வழி, ஊர் ஓரத்துக் காய்கறி, மூன்றும் இங்கேயும் உண்டு. வித்தியாசம் அடுப்பில் இருக்கிறது. நாம் கீரையை மசிக்கிறோம், பொரியல் செய்கிறோம், சாம்பாரில் போடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி இதைப் படிப்படியாகக் கணக்குப் போட்டிருக்கிறது. பச்சையாகத் தின்னும் இலைப் பயிருக்குச் சுத்திகரிக்காத கழிவுநீரைப் பாய்ச்சினால், வயலுக்கும் வாய்க்கும் இடையில் கிருமி பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். நல்ல தண்ணீரில் அலசினால் பத்தில் ஒன்றாகும். தோல் சீவினால் நூறில் ஒன்று. கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைத்து அலசினாலும் நூறில் ஒன்று. நன்றாக வேகவைத்தால், அது ஒன்றே பத்து லட்சத்தில் ஒன்றாக்கிவிடும், இன்னும் அதிகமாகவும் குறைக்கும். வெந்த கீரையைப் பற்றி, கிருமி விஷயத்தில், நான் பெரிதாகக் கவலைப்படமாட்டேன். உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைப்பது நம் வீடுகளில் பழக்கம். பூச்சி புழு விழ அது உதவும். பாக்டீரியாவை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஓடும் தண்ணீரில் இலையைப் பிரித்துப் பிரித்து அலசுவதுதான் பலன் தருகிறது. கீரை ஆய்ந்த கையோடும், கழுவாத அரிவாள்மனையோடும் அடுத்து வெள்ளரிக்காயை நறுக்கினால் கிருமி அடுப்புக்குப் போகாமலேயே தட்டுக்கு வந்துவிடும்.

ஆக, பச்சையாக எதைச் சாப்பிடுகிறோம் என்பதே கேள்வி. ‘நாங்கள் சாலட் சாப்பிடுகிறவர்கள் இல்லை’ என்று சொல்லிவிடுவோம். பட்டியல் போட்டுப் பார்த்தால் நீளும். கொத்தமல்லி, புதினாத் துவையலைச் சிலர் வதக்குவார்கள், பலர் பச்சையாக அரைப்பார்கள். ரசத்தின் மேல் கிள்ளிப்போடும் மல்லித்தழை அடுப்பை அணைத்த பிறகுதான் விழுகிறது. வெள்ளரிப் பச்சடி, வெங்காயப் பச்சடி. ராமநவமிக்குக் கோசுமல்லி, பங்குனி, சித்திரையில், ஆறு வறண்ட நேரத்தில். கையேந்திபவனில் அரைவேக்காட்டு முட்டைக்கோஸ். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. காலை நடைக்குப் போகிறவர்கள் குடிக்கும் அருகம்புல் சாற்றை நினைத்துப் பாருங்கள். அருகம்புல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் முளைப்பது. வல்லாரையும் அப்படியே, ஈரக் கரையை விரும்பும் செடி, ஞாபக சக்திக்கென்று பிள்ளைகள் பச்சையாக மெல்லுவது. கீழாநெல்லி இன்னும் மோசமான முரண். மஞ்சள் காமாலைக்கென்று பச்சையாக அரைத்து மோரில் கலக்கிக் குடிக்கிறோம். அதைப் பிடுங்கிய கரை நகரத்துச் சாக்கடை ஏறி இறங்கும் கரையாக இருந்தால், காமாலைக் கிருமியே அந்த மருந்தில் ஒட்டிக்கொண்டு வரலாம்.

வெற்றிலையை விட்டுவிட முடியாது, இது கும்பகோணத்துப் பூமி. கொடிக்காலில் எப்போதும் ஈரம் வேண்டும். பறித்த பிறகும் நனைத்து நனைத்துத்தான் வாடாமல் காக்கிறார்கள். தாம்பூலத்தை யாரும் வேகவைத்துப் போடுவதில்லை. வங்கதேசத்து வெற்றிலையில் சால்மோனெல்லா பாக்டீரியா திரும்பத் திரும்பத் தென்பட்டதால் 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் இறக்குமதியையே நிறுத்தியது. நம் கொடிக்கால்காரர்கள் இதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் வியாபார எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். கொடிக்குப் பாயும் தண்ணீரைவிட, பறித்த இலையைக் கழுவும் தண்ணீரை மாற்றுவது சுலபம்.

பாக்டீரியாவைவிட முரட்டு ஜாதி குடற்புழுவின் முட்டை. வெயிலுக்கும் குளோரினுக்கும் அது அவ்வளவாக அசையாது. உருண்டைப்புழு முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீரில் விட்டால் அடியில் படிந்துவிடும் என்பது ஒன்றுதான் நமக்கு வசதி. கொக்கிப்புழுவுக்குக் கீரை தின்ன வேண்டிய அவசியம்கூட இல்லை. அதன் குஞ்சு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும், குடலில் ஒட்டி ரத்தத்தை உறிஞ்சும், சோகை வரும். இதில் முதலில் அடிபடுவது வாங்கித் தின்பவரைவிட, பாத்தியில் காலூன்றிக் களை பறிக்கும் பெண்கள்தான். ரப்பர் பூட்ஸ் போடச் சொல்லி அறிவுரை எழுதுவது எளிது. தஞ்சை வண்டல் சேற்றில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு பாத்தி நீளம் நடந்து பார்த்தவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டிப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு நீக்க மாத்திரை முக்கியமாகப் பிள்ளைகளுக்குப் போகிறது. இந்த வயல்களில் வேலை செய்யும் பெரியவர்கள் எல்லோரையும் அதில் சேர்ப்பது பூட்ஸ் யோசனையைவிடப் பலன் தரும்.

சைவக்காரர்கள் அறிய வேண்டிய ஒரு புழுவும் உண்டு. பன்றி நாடாப்புழு என்றதும் ‘நமக்கென்ன’ என்று தோன்றும். பன்றிக்கறி தின்றவர் குடலில் புழு வளரும், உண்மை. ஆனால் அவருடைய மலத்தில் வெளிவரும் முட்டை இன்னொருவர் வாய்க்குள் போனால், அது மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். அந்த இன்னொருவர் ஆயுள் முழுக்கச் சைவமாக இருந்திருக்கலாம். வீட்டிலோ சமையலிலோ புழு உள்ள ஒருவரின் கழுவாத கை இதற்கு முக்கிய வழி. மலநீர் பட்ட பச்சைக் காய்கறி இன்னொரு வழி. வேலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணமாக இருந்தது.

இனி மேற்கிலிருந்து வருவது. பெங்களூரின் ஒரு பகுதிச் சாக்கடை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும் அங்கிருந்து காவிரிக்கும் வருகிறது. ஈரோட்டில் காளிங்கராயன் வாய்க்காலும் பவானியும் தோல், சாயக் கழிவுகளைச் சுமந்திருக்கின்றன. திருப்பூரின் நொய்யல் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1992இல் பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளையே மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிறத்தைப் பார்த்துப் பயந்தோம். ஆனால் நொய்யல் கரைத் தென்னையையும் நிலத்தையும் கெடுத்ததில் பெரும்பங்கு சாயத்தோடு சேர்ந்து வந்த உப்புக்கு.

ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் தண்ணீரில் கரைந்து வருவதைவிட நுண்ணிய வண்டலில் ஒட்டிக்கொண்டே அதிகம் பயணிக்கும். வண்டல் எங்கே வந்து படியும்? டெல்டா என்பதே வண்டல் படிந்து உண்டான மண்தானே. ஆண்டுதோறும் அணை திறக்கும் முன் வாய்க்கால்களைத் தூர்வாருகிறார்கள். அள்ளிய வண்டல் கரையில் கொட்டப்படுகிறது. வளமான மண் என்று வயலுக்கும் தோட்டத்துக்கும் ஏற்றுகிறார்கள். கிராமத்து வாய்க்கால் வண்டல் நல்ல எருதான். ஊருக்குள் ஓடும் நீளத்தில் அள்ளிய கறுப்பு வண்டல் வேறு சங்கதி. பட்டறை, பேட்டரிக் கடை, வண்டி வொர்க்ஷாப் எல்லாவற்றின் கழிவும் அதில்தான் அடங்கியிருக்கும். அதைக் கீரைப் பாத்திக்குப் போடுவது ஒரு பருவத்துத் தவறாக நிற்காது, மண்ணில் சேர்ந்த உலோகம் பல பத்தாண்டு போகாது.

உலோகத்தை எல்லாப் பயிரும் ஒரே மாதிரி உறிஞ்சுவதில்லை. இலையில் அதிகம், கிழங்கில் அடுத்து, காயிலும் விதையிலும் குறைவு என்பது பொது விதி. பாலக், தண்டுக்கீரை வகைகள் காட்மியத்தை நன்றாகவே ஏற்றுகின்றன; புடலை, பாகல், வெண்டை அந்த அளவு ஏற்றுவதில்லை. ஜப்பானின் தோயாமா பகுதியில் சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு ஆற்று நீர் நெல் வயலுக்குப் பாய்ந்து, எலும்பு நொறுங்கி வலியில் கதறும் ‘இதாய்-இதாய்’ நோய் வந்தது. காட்மியமே காரணம் என்று 1968இல் அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. அந்த அளவு காட்மியம் டெல்டாவில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு வேதியியல் விஷயத்துக்காகத்தான் இதைச் சொல்கிறேன். தண்ணீர் தேங்கிய நெல் வயலில் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து மண்ணிலேயே கட்டுண்டு கிடக்கும். வயலை வடித்துக் காற்றோட்டம் கொடுத்தால் விடுபட்டு வேருக்குப் போகும். கீரைப் பாத்தி எப்போதும் காற்றோட்டமான மண். ஒரே தண்ணீர், ஒரே நிலம் என்றாலும் நெல்லிலிருந்து கீரைக்கு மாறும்போது கணக்கும் மாறுகிறது. காட்மியம் மேற்கிலிருந்துதான் வரவேண்டும் என்றும் இல்லை, பாஸ்பேட் உரங்களிலும் சிறிதளவு உண்டு.

சர்வதேசத் தரமான கோடெக்ஸ், இலைக் காய்கறியில் கிலோவுக்கு காட்மியம் 0.2 மில்லிகிராம், ஈயம் 0.3 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. உடம்புக்குள் போன காட்மியம் சிறுநீரகத்தில் தங்கிவிடும், அது பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது ஆண்டு ஆகும், அதனால்தான் இவ்வளவு சிறிய எண். இங்கே அடுப்பு உதவாது. இலையில் ஒட்டிய மண்ணோடு வரும் ஈயத்தை நன்றாகக் கழுவிப் போக்கலாம்; இலைக்குள் ஏறியதை எதுவும் போக்காது. கிருமிக்குச் சமையலறையில் தீர்வு உண்டு, உலோகத்துக்குக் கழிவு கிளம்பும் இடத்தில்தான் தீர்வு. இரண்டையும் ஒரே ‘மாசு’ என்ற சொல்லில் போட்டுக் குழப்புவதால்தான் கொதிக்கவைக்க வேண்டியதைப் பச்சையாகத் தின்றுவிட்டு, கொதிக்கவைத்துத் தீராததைக் கொதிக்கவைத்துவிட்டோம் என்று நிம்மதி அடைகிறோம். மருந்து எச்சங்கள் மூன்றாவது வகை. காவிரி நீரில் வலிமாத்திரை, ரத்த அழுத்த மருந்து, சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் எச்சங்கள் இருப்பதாகச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2021இல் தெரிவித்தார்கள். அவை நேராக விஷம் ஆவதைவிட, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவை வளர்ப்பதே பெரிய கவலை.

இத்தனைக்கும் நடுவில் நம் தர விதி என்ன சொல்கிறது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஏ முதல் ஈ வரை வகைப்படுத்துகிறது. குளிக்கத் தகுந்த பி வகைக்கு 100 மில்லிலிட்டரில் மொத்தக் கோலிஃபார்ம் 500க்குள் இருக்க வேண்டும். பாசனத்துக்கான ஈ வகையில் அமில-கார நிலை 6.0 முதல் 8.5, மின்கடத்துதிறன் 2,250க்குள், சோடியம் விகிதம் 26க்குள், போரான் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள். அவ்வளவுதான். நான்கும் பயிருக்கும் மண்ணுக்கும் கெடுதல் வராமல் பார்ப்பவை. அந்தப் பயிரைத் தின்பவருக்கு என்ன ஆகும் என்று பார்க்கும் அளவு ஒன்றுகூட அதில் கிடையாது. ஊர்ச் சாக்கடை பல சமயம் இந்த நான்கிலும் தேறிவிடும். கால்கூட வைக்கக் கூடாத தண்ணீர், புதினாவுக்குப் பாய்ச்சத் தகுதியானது என்று காகிதத்தில் நிற்கும்.

சுத்திகரிப்பு நிலையங்கள் முழுமையாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இணைப்பு இல்லாத வீடுகளின் செப்டிக் டேங்க்கை உறிஞ்சும் லாரி, ராத்திரியில் வாய்க்காலில் திறந்துவிட்டால் அது நூறு வீட்டுச் சாக்கடையைவிடக் கெட்டியானது. கழிவை எங்கே கொட்ட வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் 2014 முதல் வழிமுறைகள் உண்டு. திருச்சியில் லாரிகள் பாதாளச் சாக்கடையின் நீரேற்று நிலையங்களிலேயே கொட்ட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கொட்ட இடம் பக்கத்தில் இருந்தால் லாரிக்காரரும் வாய்க்காலைத் தேடிப் போகமாட்டார், டீசல் அவர் காசு.

வயலில் செய்யக்கூடியவையும் உண்டு. வாய்க்கால் நீரை நேரே பாய்ச்சாமல் ஒரு குட்டையில் சில நாள் தேக்கினால் புழு முட்டை அடியில் படியும். மோட்டார் குழாயைத் தரையில் இடிக்காமல் மேல்மட்டத்து நீரை எடுக்க வேண்டும், கலக்கினால் பலனில்லை. சொட்டுநீர் போட்டால், தரையோடு வளரும் பயிரில் கிருமி நூறில் ஒன்றாகவும், தரையைத் தொடாத உயரப் பயிரில் பத்தாயிரத்தில் ஒன்றாகவும் குறையும் என்கிறது அதே 2006 வழிகாட்டி. அதாவது சந்தேகமான வாய்க்காலை நம்பியிருப்பவருக்குப் பந்தல் புடலையும் பாகலும் நல்ல தேர்வு. காய் தரையைத் தொடாது, உலோகமும் குறைவாக ஏறும், சமைத்துத்தான் சாப்பிடுவார்கள். பூச்செடி இன்னும் நல்லது. கீரைதான் போடுவேன் என்றால் கடைசி நனைப்பையும் அலசலையும் மட்டுமாவது நல்ல தண்ணீரில் செய்யலாம். ஒரு போர், நாலைந்து பேர் பகிர்ந்துகொண்டால் போதும்.

ஆனால் இதையெல்லாம் செய்த கீரைக்கட்டும் செய்யாத கீரைக்கட்டும் சந்தையில் ஒரே விலைக்குப் போகின்றன. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை; சாக்கடையில் விளைந்ததுதான் பார்க்க இன்னும் செழிப்பாக இருக்கும். 1999இல் தொடங்கிய உழவர் சந்தையில் கடை போட அடையாள அட்டை வேண்டும். விண்ணப்பித்தவர் உண்மையிலேயே விவசாயிதானா, என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று சரிபார்த்த பிறகே அந்த அட்டை கிடைக்கிறது. வயலைப் பார்க்கப் போகும் அதிகாரி, பில்டர் பாயிண்டா, வாய்க்காலா, எந்த வாய்க்கால் என்பதையும் அதே அட்டையில் எழுதிவிட்டு வரலாம். கீரைக்காரருக்கு மட்டும் அந்த ஒரு வரி, பிப்ரவரி முதல் மே வரை கடை முகப்பில் தொங்கட்டும்.